கொலைகாரனைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: என் முதல் நாவலின் இரண்டாம் பதிப்பு வரவிருக்கிறது. ஓர் அறக்கட்டளையின் கணக்காளர் அறங்காவலர்களை ஒவ்வொருவராகக் கொன்றுவிட்டு, அவர்களுக்கான இரங்கல் தீர்மானங்களையும் தானே எழுதுகிறார். இடையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட இரவுக் காவலாளியும் சாகிறார். கணக்காளர் மாட்டிக்கொள்வதே இல்லை. கடைசியில் அறக்கட்டளைத் தலைவராகிவிடுகிறார். அதிகாரத்தைக் கிண்டல் செய்யும் நாவலாகத்தான் எழுதினேன். வாசகர் கருத்துகளோ இரண்டு துருவங்களாக இருக்கின்றன. ‘சிரித்து மாளவில்லை’ என்கிறார்கள் சிலர். ‘சாவைக் கேலி செய்கிறீர்கள்’, ‘கொலைகாரனை நியாயப்படுத்துகிறீர்கள்’, ‘ஒரு பாத்திரத்தையும் பிடிக்கவில்லை’ என்கிறார்கள் மற்றவர்கள். கருத்துகள் அனைத்தையும் இணைத்திருக்கிறேன். முடிவை மாற்றி அவனைப் பிடித்துக் கொடுத்துவிடலாமா? இது அங்கதம் என்று விளக்கி முன்னுரை எழுதலாமா? குறை சொன்னவர்களுக்குப் பதில் எழுதலாமா?

பதில்:

அன்புள்ள எழுத்தாளருக்கு,

முதலில் நாவலைப் படித்தேன், பிறகுதான் கருத்துகளைப் பிரித்தேன். பதிப்பாசிரியர் வேலையில் இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. மாற்றினால் பிறர் கண்ணால்தான் நாவலைப் பார்க்க நேரும்.

கேட்ட மூன்றுக்கும் சுருக்கமான பதில் இது. முடிவை மாற்றாதீர்கள். முன்னுரை வேண்டாம். பதில் ஒரே ஒருவருக்கு எழுதுங்கள். யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோராம் அத்தியாயத்தைத் திருத்தாமல் இரண்டாம் பதிப்பை அச்சுக்கு அனுப்பக் கூடாது.

பாராட்டு ஒரு கட்டு, வசை ஒரு கட்டு என்று பிரித்து அனுப்பியிருக்கிறீர்கள். அநேகமாக எல்லா எழுத்தாளர்களும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். மனத்தைத் தேற்றிக்கொள்ள அது உதவலாம், திருத்த உதவாது. இரண்டு கட்டுகளையும் கலைத்துவிட்டு, ஒவ்வொரு கருத்தும் நாவலில் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்து அத்தியாய வாரியாக அடுக்கிப் பாருங்கள். நான் அடுக்கிப் பார்த்தேன். முதல் நான்கு அத்தியாயங்களைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. ஆறாம் அத்தியாயத்தில் சிலருக்கு நெருடல். ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் ‘இழுக்கிறது’, ‘சலித்துவிட்டது’. பதினொன்றுக்கு வந்தால் பெரிய குவியல். ‘காவலாளி செத்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்’ என்கிறார் ஒருவர். ‘அதற்குப் பிறகு சிரிப்பே வரவில்லை’ என்கிறார் இன்னொருவர். ‘கதையில் தொய்வு’ என்று மட்டும் எழுதிய ஒருவர் பக்க எண்ணையும் கொடுத்திருக்கிறார். புரட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே காவலாளி. உங்களை வானளாவப் புகழ்ந்தவர்கூட, ‘காவலாளி பகுதி மட்டும் ஒட்டவில்லை’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

காரணம் ஆளுக்கொன்று, இடம் ஒன்றே. தன் மனம் எங்கே விலகியது என்று ஒரு வாசகர் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். ஏன் விலகியது, எப்படிச் சரிசெய்யலாம் என்று அவர் சொல்லத் தொடங்கினால் அதை ஓர் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்வேன். அவல நகைச்சுவையில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. சிரிப்பு வாதத்துக்குக் கட்டுப்படாது. வந்தால் வந்தது, நின்றால் நின்றது. அது நின்ற பக்கத்தை வாசகரால் துல்லியமாகக் காட்ட முடியும். பிறகு தன் மனசாட்சிக்கு ஏற்ற ஒரு காரணத்தைத் தேடிக்கொள்வார். ‘சாவைக் கேலி செய்கிறீர்கள்’ என்பது பெரும்பாலும் அப்படித் தேடிக்கொண்ட காரணம். பதினோராம் அத்தியாயத்துக்கு முன்பே நான்கு பேர் செத்திருக்கிறார்கள். அந்தச் சாவுகளுக்கெல்லாம் இதே வாசகர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அப்படியானால் காவலாளியிடம் என்ன நடந்தது? நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். ஒரு நகைச்சுவை நாவல் எங்கே தடம் மாறுகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய கருவியை நான் பார்த்ததில்லை. உங்கள் அறங்காவலர்கள் சாகும்போது நாம் சிரிப்பது எள்ளலால். அவர்களிடம் பதவி இருக்கிறது, கார் இருக்கிறது, கல்வெட்டில் பெயர் இருக்கிறது. அந்தப் பெருமிதம் சரிவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். காவலாளியிடம் சரிவதற்கு எதுவும் இல்லை. பல மாதமாகக் கேட்டும் கிடைக்காத கூடுதல் நேரப்படி வந்திருப்பதாகக் கணக்காளர் சொல்கிறார். அதை நம்பி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்திடக் குனிகிறார் காவலாளி. சொன்னதைச் சொன்னபடியே நம்பும் வெள்ளைமனம் அது, அதாவது மடன். அதைப் பார்த்து வரும் சிரிப்பில் ஒரு பரிவு கலந்திருக்கும். அந்தப் பரிவை எழுப்பிவிட்டு அடுத்த வரியிலேயே பழைய எள்ளலுக்குத் திரும்புகிறீர்கள். வாசகர் கூட வர மறுக்கிறார்.

அந்தப் பக்கத்தின் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ‘இறந்த பிறகும் அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை, பணி நேரத்திலும் அப்படித்தான் இருப்பார்’ என்பது ஒன்று. அதற்குச் சற்றுக் கீழே: ‘அவர் கையிலிருந்த டார்ச் விடியும்வரை எரிந்துகொண்டிருந்தது. பேட்டரிச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நிர்வாகக் குழு அரை மணி நேரம் விவாதித்தது.’ இரண்டுமே நகைச்சுவைதான், இரண்டுமே ஒரே பிணத்தின் பக்கத்தில் நிற்பவைதான். முதல் அடி செத்தவர் மேல் விழுகிறது. இரண்டாவது அவர் சாவை ஒரு செலவினமாகப் பார்க்கும் குழுவின் மேல் விழுகிறது. முதலாவதை வெட்டுங்கள், இரண்டாவதில் கை வைக்காதீர்கள். இந்த நாவல் முழுவதற்கும் இதே அளவுகோல் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இதை யாரும் சொல்லவில்லை, ஆனால் பலரும் உணர்ந்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். எல்லோருக்கும் இரங்கல் தீர்மானம் எழுதும் கணக்காளர் காவலாளிக்கு மட்டும் எழுதவில்லை. ஏன் என்று நாவல் சொல்லவில்லை. நீங்களே மறந்துவிட்டது போலத் தெரிகிறது. துணைவிதிகளில் அறங்காவலர்களுக்கு மட்டும்தான் அதற்கு இடமுண்டு என்று கணக்காளர் ஒரே ஒரு வரி சொல்லட்டும், அதுவும் தான் விதிப்படி நடப்பவன் என்ற பெருமையோடு. அத்தியாயம் தன் இலக்குக்குத் திரும்பிவிடும்.

சலிப்புப் புகாருக்கு வருகிறேன். இது நியாயமான புகார். கொலைக்கு முந்தைய இரவே இரங்கல் தீர்மானம் தயாராக இருக்கிறது, பெயருக்கு மட்டும் கோடு விட்டிருக்கிறது என்று முதல் அத்தியாயத்தில் தெரியும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறையும் பிடித்திருந்தது. மூன்றாம் முறை, ‘அன்னாரின் மறைவு ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்ற வரி எந்தப் பக்கத்தில் வரும் என்பதே எனக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டது. குற்ற நாவலில் வாசகர் கொலைகாரனை முந்திக்கொண்டு ஓடினால் ஆசிரியர் தோற்றார் என்று பொருள். நகைச்சுவையில் இது இன்னும் மோசம்.

சலித்தது என்கிறவர்கள் ஒரு கொலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்க வேண்டாம். எட்டாம் அத்தியாயத்தில் சாக வேண்டிய அறங்காவலர் தானாகவே குளியலறையில் வழுக்கி விழுந்து செத்துப்போகட்டும். கணக்காளரிடம் அவருக்கான தீர்மானம் தயாராக இல்லை. வருத்தத்தைவிட அவமானமே அவரை வாட்டும். தன் வேலையைப் பிறர் செய்துவிட்ட அவமானம். அவசரத்தில் எழுதும்போது தீர்மானத்தில் ஓர் உண்மையான வாக்கியம் தவறி விழுந்துவிடலாம். அதைக் கூட்டத்தில் வாசிக்கும்போது எல்லோரும் நெளியட்டும். நாவலை நீங்கள்தான் எழுத வேண்டும், ஆகவே இதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நான் சொல்ல வருவது திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரே வார்ப்பை உடைப்பதைப் பற்றி மட்டும்தான்.

‘கொலைகாரனை நியாயப்படுத்துகிறீர்கள்’ என்பதுதான் உங்களை அதிகம் காயப்படுத்தியிருக்கிறது என்று கடிதத்திலிருந்து புரிகிறது. இந்தப் புகார் அங்கதத்துடன் கூடவே பிறந்தது. 1729-ல் அங்கத எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், அயர்லாந்தின் வறுமைக்குத் தீர்வாக ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று ஒரு ‘திட்டம்’ வெளியிட்டார். 1,20,000 குழந்தைகளில் 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 1,00,000 பேரை ஒரு வயதானதும் விற்பது என்பது அதன் கணக்கு. அதில் எங்கும் குரல் உயர்வதில்லை. பொதுநலத்தில் அக்கறையுள்ள ஒரு நிர்வாகி, கூட்டிக் கழித்துப் பார்த்து நல்ல யோசனை சொல்லும் தொனி. வாசிப்பவர் வயிற்றைக் கலக்குவது அந்த நிதானம்தான். நமக்கும் இது புதிதல்ல. ‘தேவர் அனையர் கயவர்’ என்று தொடங்கும் குறளை நினைத்துக்கொள்ளுங்கள். கயவரைத் தேவர் என்று உயர்த்திவிட்டு, ‘அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று அடுத்துக் காரணம் காட்டுகிறார் வள்ளுவர். தம் விருப்பப்படி நடப்பதில் இருவரும் ஒன்றுதானாம். முதல் மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டவர், வள்ளுவர் கயவரைப் புகழ்கிறார் என்று புகார் எழுதலாம்.

இதை வைத்துக்கொண்டு, ‘எனக்குப் புரியாத வாசகர்கள் வாய்த்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர்களில் சிலர் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டுகிறார்கள், அதுதான் ஆறாம் அத்தியாயம். கணக்காளர் சிறுவயதில் பட்ட அவமானங்கள், கிழிந்த சட்டை, வகுப்பறைக்கு வெளியே முழங்காலிட்டது எல்லாம் அங்கே வருகின்றன. மற்ற அத்தியாயங்களில் அவர் சொல்வதற்கும் நடந்ததற்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கிறது. ஆறில் இடைவெளி இல்லை. நீங்களே அவருக்காக வழக்காடுகிறீர்கள். இது பெரிய எழுத்தாளர்களுக்கும் நேர்ந்ததுதான். குற்றவாளிகளைக் கதாநாயகர்களாக்கும் நாவல்கள் இங்கிலாந்தில் பெருகியிருந்த காலத்தில், அந்த மோகத்தைச் சாடுவதற்காகவே ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1839–40-ல் ‘கேத்தரின்’ என்ற தொடர்கதையை எழுதினார். கணவனைக் கொன்றதற்காக 1726-ல் எரித்துக் கொல்லப்பட்ட பெண்ணின் கதை அது. வாசகர்கள் அருவருத்து ஒதுங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எழுதி முடித்த பிறகு, போதிய அருவருப்பு வரவில்லை என்றும், நாயகி மேல் தனக்கே ஒளிவான பரிவு வந்துவிட்டது என்றும் தாயாருக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கும் கணக்காளர் மேல் அது இருக்கிறது. இருக்கட்டும், அது இல்லாவிட்டால் முந்நூறு பக்கம் அவரோடு வாழ்ந்திருக்க முடியாது. ஆனால் பரிவை அவர் கேட்கலாம், நாவல் கொடுக்கக் கூடாது. முழங்காலிட்ட கதையை அவர் இரங்கல் கூட்டத்தில், தவறான நேரத்தில், தவறான ஆளிடம் சொல்லட்டும். அதே தகவல்தான். கண்ணீர் மட்டும் போய்விடும்.

இனி முடிவு. 1949-ல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படம் உங்கள் நாவலுக்குத் தூரத்துச் சொந்தம். 1907-ல் வந்த ஒரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பிரபுப் பட்டத்துக்காகத் தனக்கு முன்னால் நிற்கும் உறவினர்களை ஒருவர் பின் ஒருவராகக் கொல்கிறான் நாயகன். செய்யாத ஒரு கொலைக்காகச் சிறை சென்று விடுதலையாகி வெளியே வந்து நிற்கும்போது, செய்த கொலைகளையெல்லாம் விவரித்து எழுதிய நினைவுக் குறிப்புகளைச் சிறையறையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வருகிறது. படம் அங்கே முடிகிறது. அமெரிக்காவில் குற்றவாளி தண்டனையிலிருந்து தப்பக் கூடாது என்ற திரைப்படத் தணிக்கை விதி அப்போது நடப்பில் இருந்தது. அதனால் அந்தக் குறிப்புகள் பிறர் கைக்குக் கிடைத்துவிடுவதைக் காட்டும் சில நொடிக் காட்சியை அங்கே ஒட்டினார்கள். சில நொடிதான். ஆனால் பார்வையாளர் தானே ஊகித்து ரசிக்க வேண்டியதை யாரோ வந்து உரக்கச் சொல்லிவிட்டார்கள்.

வாசகரே ஊகித்து ரசிக்கும் அப்படியொரு முடிவு உங்கள் நாவலுக்கும் ஏற்கனவே இருக்கிறது. பிடித்துக் கொடுக்கச் சொல்கிறவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. தலைவராகிவிட்ட பழைய கணக்காளரிடம் புதிய கணக்காளர் வந்து, ‘ஐயா, தங்கள் பெயரின் முதலெழுத்தை எப்படிப் போடுவது?’ என்று கேட்கிறார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஏன் கவனிக்கவில்லை? அந்தக் கேள்வி ஒரு நீண்ட பத்தியின் நடுவே புதைந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதிகாரத்தின் இயல்பைப் பற்றி இரண்டு பக்கம் வருகிறது, எல்லாம் நல்ல கருத்துகள், ஒன்றும் தேவையில்லை. கேள்வியைத் தனிப் பத்தியாக்குங்கள். அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டுங்கள்.

முன்னுரை பற்றிச் சொல்ல அதிகமில்லை. இது அங்கதம் என்று புரிந்தவருக்கு அது மிகை. புரியாதவர் முன்னுரையைப் படித்துவிட்டுச் சிரிக்கப் போவதில்லை. ‘ஒரு பாத்திரத்தையும் பிடிக்கவில்லை’ என்ற கருத்தைத் தாண்டிப் போய்விடலாம். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. காவல்துறை ஆய்வாளர் வெறும் முட்டாள் என்ற குறை மட்டும் சரியானது. முட்டாள் போலீஸ் அரதப் பழசு. அவர் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் ஆளாக இருக்கட்டும், ஆனால் அறக்கட்டளையின் பள்ளியில் தன் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டியிருக்கட்டும்.

பாராட்டுகளையும் இதே கண்ணோடு படியுங்கள். எத்தனை பேர் புகழ்ந்தார்கள் என்பதைவிட எந்த வரிகளை மேற்கோள் காட்டினார்கள் என்பது பயன்படும். டார்ச்சை நினைவில் வைத்திருக்கிறார்கள், கோடு விட்ட தீர்மானத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். பாத்திரங்களின் பெயர்களில் நீங்கள் செய்திருக்கும் சிலேடைகளை ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை. அவற்றுக்காக நீங்கள் மிகவும் உழைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பாதியை எடுத்துவிடுங்கள்.

பதில் எழுத வேண்டிய அந்த ஒருவர், கடைசித் தாளில் இருக்கும் கணக்குத் தணிக்கையாளர். நாவல் பிடித்ததா இல்லையா என்றே அவர் சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் மலர்வளையத்துக்குக் காசோலை கொடுத்த கணக்காளர், தன் பேரேட்டில் வங்கிக் கணக்கில் பற்று எழுதுகிறார், அது தவறு என்கிறார். அவர் சொல்வது சரி. அறக்கட்டளையின் சொந்தப் புத்தகத்தில் செலவுக் கணக்கில் பற்றும் வங்கிக் கணக்கில் வரவும் வர வேண்டும். வங்கி தரும் அறிக்கையில்தான் அது பற்றாகத் தெரியும். அற்ப விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பைசா பிசகினாலும் உறக்கம் கெடும் மனிதன் கொலையை மட்டும் சாதாரணமாகச் செய்கிறான் என்பதில்தான் உங்கள் நாவலின் முழு நகைச்சுவையும் நிற்கிறது. அவன் பேரேடு தப்பினால் விஷயம் தெரிந்த வாசகருக்கு அவன் வேறு யாரோ ஆகிவிடுகிறான். நன்றி சொல்லி எழுதுங்கள், மற்ற கணக்கு விவரங்களையும் பார்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு எழுதினால் அது விளக்கமாகத் தொடங்கி வாக்குவாதத்தில் முடியும்.

பின்னட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘யார் கொலையாளி? கடைசிப் பக்கம் வரை விறுவிறுப்பு!’ என்று போட்டிருக்கிறது. கொலையாளி யார் என்பதை நீங்கள் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறீர்கள். துப்பறியும் கதையை எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ‘மர்மமே இல்லை’ என்ற கருத்துகள் எல்லாம் உண்மையில் அந்த அட்டைக்கு எழுதப்பட்டவை. பதிப்பகத்திடம் பேசி அந்த வாசகத்தை நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, பெயருக்குக் கோடு விட்ட இரங்கல் தீர்மானத்தையே நான்கு வரியில் அச்சிடலாம். திருத்திய பதினோராம் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள், முழு நாவலும் வேண்டாம்.